இரண்டு வாரத்துக்கு ஒருமுறை

என் தங்கைக்கு இரட்டைக் கரு என்று டாக்டரம்மா சொன்ன அன்று அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். டாக்டரம்மா, தங்கை, நான். அவள் புருஷன் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தும் விட்டார். அதற்குள் போன். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவர் லிஃப்ட் மெக்கானிக். "நீங்க கூட இருந்து பாத்துக்குங்கக்கா, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு அப்புறம் கேட்டுக்கறேன்" என்று தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். அந்த நான்கு பேரும் பத்திரமாக வெளியே வந்தார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் என்னிடம்தான் கேட்டார். நான் பாதிதான் சொன்னேன்.

தங்கையை வீட்டில் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அத்தனை சின்னது. பார்க்கிற வேலை அப்படியில்லை. பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் எட்டு வருஷமாக இருக்கிறாள். தடித்த ரெக்ஸின், அதற்கடியில் பஞ்சுப் பலகை, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஊசிக்குக் கீழே தள்ள வேண்டும். ஆண்களே மாலையில் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். இவள் தைத்த தையல் கோணியதாகச் சரித்திரமே கிடையாது. அங்கே மேஸ்திரிக்கு மீசை என்று பெயர். அவரே இவளைப் பார்த்து "எலி மாதிரி இருந்துக்கிட்டு எருமை வேலை பாக்குதே" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனாள். முந்தின வாரம்தான் குழந்தை அசைய ஆரம்பித்திருந்தது. சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தாள். ஸ்கேன் எடுத்த பெண்ணும் முதலில் வாயோயாமல் பேசியவள்தான். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனாள். வயிற்றில் தடவிய பசை காய்ந்து தோலை இழுக்கிற வரை சிட்டு அப்படியே படுத்துக் கிடந்தாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் வேறொரு டாக்டர் வந்தார். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவே இல்லை, பிறந்தாலும் சில மணி நேரம் தாங்காது என்றார். நான்கு நாள் கழித்து வலி வரவழைத்து எடுத்தார்கள். அந்த நான்கு நாளும் குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என் வீட்டில்தான் கிடந்தாள். தலைவார மாட்டாள். தட்டில் வைத்ததைத் தொட மாட்டாள். ஒருநாள் தானாகவே வாயைத் திறந்து, "அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போற வரைக்கும் நான் நல்லாத்தான்க்கா இருந்தேன். அவ எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா இன்னும் நாலு மாசம் சந்தோஷமா இருந்திருப்பேன். அதையும் புடுங்கிட்டாங்க" என்றாள்.

அவளைத் தேற்றுவதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. என் மகள் வயிற்றில் இருந்தபோது ஸ்கேனில் இதயத்தில் ஏதோ வெள்ளைப் புள்ளி தெரிகிறது, ஓட்டையாக இருக்கலாம் என்றார்கள். மிச்ச மாதம் முழுக்க அழுது அழுது என் முகமே வீங்கிவிட்டது. பிறந்த பிறகு பார்த்தால் ஓட்டையும் இல்லை, ஒடுக்கும் இல்லை. இப்போது ஏழு வயது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பையன்களையும் சேர்த்துத் தோற்கடிக்கிறாள். இதை நான் நடித்துக் காட்டிச் சொல்வேன். "அந்த மிஷினுக்குத்தான் மொதல்ல கண் டாக்டரைப் பாக்கணும்" என்று முடிப்பேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் சிட்டு முதன்முதலாகச் சிரித்ததும் இந்தக் கதைக்குத்தான். அதனால் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாவது முறை கரு தங்கியபோது ஸ்கேனே வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள். நாள் கணக்குப் பார்க்க வேண்டும், வயிறு கணக்குக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று டாக்டரம்மா கெஞ்சாத குறையாகக் கேட்டதால் மூன்றாம் மாதம் ஒரே ஒரு முறைக்குச் சம்மதித்தாள். படுத்திருந்த நேரம் பூராவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். என் விரல் நான்கும் வெளுத்துப் போயின. பிறகு டாக்டரம்மா அறையில் வந்து உட்கார்ந்தோம்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "ரெண்டு பேர் இருக்காங்க. தனித்தனிப் பையிலதான் இருக்காங்க. ஆனா நஞ்சுக்கொடி ஒண்ணுதான். ஒரே தட்டுல ரெண்டு பேர் சாப்பிடற மாதிரின்னு வச்சுக்குங்க. அதுக்குள்ள ரத்தக்குழாய்ங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். சில பேருக்கு என்ன ஆகும்னா, ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போயிக்கிட்டே இருக்கும். ஒண்ணு காஞ்சு போகும், இன்னொண்ணு தாங்க முடியாம ஊதிப்போகும். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வரலாம். கவனிக்காம விட்டா ரெண்டையும் இழக்கலாம்."

இழக்கலாம் என்ற சொல் வந்ததுமே சிட்டு போய்விட்டாள். உட்கார்ந்துதான் இருந்தாள், ஆனால் போய்விட்டாள். அவள் நாற்காலியின் ஓரத்தில் உறை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. கட்டை விரலால் அதை உள்ளே தள்ளித் தள்ளிச் சரிசெய்ய ஆரம்பித்தாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனார்.

"நேரத்தோட கண்டுபிடிச்சா வைத்தியம் இருக்கு. தலைநகர்ல பெரிய ஆஸ்பத்திரியில லேசர் வச்சு அந்தக் குழாய்ங்களை அடைச்சு விடுவாங்க. எல்லாருக்கும் பலிக்காது. ஆனா நெறையப் பேருக்குப் பலிக்குது. அதுக்கு நமக்கு நேரத்துல தெரியணும். அதனால நாலாம் மாசத்துலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆகணும். வெளியேருந்து பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது."

நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். சிட்டு அந்தப் பஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அறையை விட்டு வெளியே வந்ததும் வராண்டாவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ரெண்டுக்கா! ரெண்டு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எதிரே வந்த நர்ஸிடம்கூடச் சொன்னாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. வீட்டுக்குப் போகிற வழியில் அவளாகவே சொன்னாள்: "இனிமே ஸ்கேன் கிடையாதுக்கா. சொல்லிட்டேன். நல்லா இருந்தா பொறக்கட்டும். இல்லைன்னா அன்னிக்கே தெரிஞ்சுக்கறேன்."

"டாக்டர் என்னமோ சொன்னாங்களேடி" என்றேன்.

"அவங்க பயமுறுத்தத்தான் சொல்லுவாங்க. உன் பொண்ணுக்குச் சொல்லல?"

 சாயங்காலம் அவள் புருஷன் வந்த பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வந்தபோது நான் அவர்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, கொடியில் இருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இரட்டை என்று கேட்டதும் மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை கழுவக்கூட இல்லை, விரலெல்லாம் கிரீஸ். அப்புறம் என்னைப் பார்த்து, "டாக்டர் வேற என்னக்கா சொன்னாங்க?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நஞ்சுக்கொடியாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கணுங்கறாங்க. இவளுக்கு இஷ்டமில்லை."

"அவங்க சொன்னா எடுத்துடலாமே" என்றார் அவளைப் பார்த்து.

"எடுத்து?" என்றாள் சிட்டு.

"எடுத்தா... தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சு?"

அவர் பதிலைத் தன் தொழிலில் இருந்தே எடுத்தார். "நான் மாசாமாசம் ஒவ்வொரு லிஃப்ட்டையும் செக் பண்றேன். கயிறு தேஞ்சிருக்கா, பிரேக் பிடிக்குதான்னு பாக்கறேன். விழும்னு நெனச்சா பாக்கறேன்? விழக்கூடாதுன்னுதானே?"

"கயிறு தேஞ்சா நீங்க மாத்துவீங்க. என் வயித்துக்குள்ள போயி யாரு என்னத்த மாத்துவாங்க? ஸ்பேனரா போடப் போறாங்க? அன்னிக்கு என்ன பண்ணாங்க? பாத்தாங்க, சொன்னாங்க. அவ்வளவுதான். பாக்கறதுக்கும் சொல்றதுக்கும்தான் அந்த மிஷின். காப்பாத்தறதுக்கு இல்ல."

வைத்தியம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறையில் பதில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை இரண்டாக மடித்தேன், நான்காக மடித்தேன். வாய் வரை வந்தது. சொன்னால் அந்த முகம் மறுபடி இருண்டுவிடும். தலைவாராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த ஒன்றரை மாதம் கண் முன்னால் வந்து நின்றது. பத்தில் ஒருத்தருக்குத்தானே, மீதி ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கதையை அவள் நம்பினாள். அந்தக் கதைக்கு எதிராக நானே பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவ உடம்பு. அவ இஷ்டம்" என்று மாப்பிள்ளை எழுந்து கை கழுவப் போனார். நான் அடுத்த துணியை எடுத்தேன்.

பட்டறையிலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்கேன் அலை பட்டுக் குழந்தைக்குக் காது மந்தமாகிவிடும் என்றார் மீசை. நாலாம் மாதம் போனபோது சிட்டு அதை டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"அது வெறும் சத்தம்தாம்மா. எக்ஸ்ரே இல்ல. ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டரம்மா. "வேண்டாம்னா நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா இது சரியான முடிவில்லைன்னு சொல்லித்தான் அனுப்புவேன்." ஃபைலில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என்னை நிறுத்தி, "நீங்க பெரியவங்க, எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றார்.

"சொல்றேங்க டாக்டர்" என்றேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஃபைலோடு தினமும் யாராவது வருவார்கள். அடுத்த நான்கு வாரமும் யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மிஷினில் கவிழ்த்தாலும் எனக்குக் கை கூசியது. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் கையடக்கக் கருவியை வயிற்றில் வைத்து இரண்டு துடிப்பும் கேட்கிறது என்றாள். கேட்டால் போதாது என்று டாக்டரம்மா சொன்னார். கேட்கிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பதினெட்டாவது வாரம் குழந்தைகள் அசைய ஆரம்பித்தன. சிட்டு இரண்டுக்கும் பெயர் வைத்தாள். வலப்பக்கம் இருந்தது ரவுடி. இடப்பக்கம் இருந்தது சாது. "ரவுடி விடியக்காலையிலேயே ஆரம்பிச்சுடறான். சாது எப்பவாவது ஒரு தடவை, கதவைத் தட்டிட்டு ஓடிப்போற மாதிரி" என்பாள். சாதுதான் என்று அவள் செல்லமாகப் பெயர் வைத்துவிட்டதால், அது அமைதியாக இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

இருபதாவது வாரம் வயிறு மளமளவென்று ஏறியது. பட்டறையில் எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். "ரெட்டை எஞ்சின் வண்டி, வழி விடுங்க" என்று மீசை கத்துவாராம். பார்த்தவர்கள் எல்லாம் நல்ல ஊட்டம், நல்ல வளர்ச்சி என்றார்கள். நானும்தான் சொன்னேன். தையல் மிஷினுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வயிறு இடிக்கிறது என்று அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை எட்டி நீட்டித் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"படுக்க முடியலக்கா. படுத்தா மூச்சு அடைக்குது."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காற்றடித்த பந்து மாதிரி விறைத்திருந்தது. தோல் பளபளவென்று மின்னியது. பக்கத்தில் இஞ்ச் டேப் சுருண்டு கிடந்தது. தையல்காரி அல்லவா, தானே அளந்து பார்த்திருக்கிறாள்.

"செவ்வாக்கிழமைக்கு இன்னிக்கு நாலு இஞ்ச் கூடியிருக்கு" என்றாள். குரலில் பெருமை இல்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அஞ்சு நாள்லயா?"

"ம்."

"குழந்தைங்க அசையுதா?"

 டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். அப்புறம்தான் சொன்னாள். "சாது மூணு நாளா ஒண்ணும் பண்ணல. தூங்குதுன்னு நெனச்சேன். எப்பவுமே அது அமைதிதானேன்னு நெனச்சேன்."

"உன் புருஷன்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஸ்கேன்னு ஆரம்பிப்பீங்க. தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? ஒண்ணும் பண்ண முடியாததைத் தெரிஞ்சுக்கிட்டு..."

"பண்ண முடியும்டி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு குழந்தை காய்வது, இன்னொன்று ஊதுவது, லேசர், குழாயை அடைப்பது, நேரத்தில் தெரிய வேண்டும் என்றது, எல்லாம். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. நீயும்தான் அங்க இருந்த. நீ காதுல வாங்கல."

"நீ வாங்கின."

"வாங்கினேன்."

"ரெண்டு மாசமா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

 அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக எழுந்து நின்றாள். மாப்பிள்ளை பின்பக்கம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவரைக் கூப்பிட்டு, "ஸ்கேன் எடுக்கணும். இப்பவே போகணும்" என்றாள். என்னை வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்தவர் நடுவயதுக்காரர். அவர் திரையை நகர்த்தப் போனபோது சிட்டு அவர் கையைப் பிடித்தாள். "திருப்பாதீங்க. எந்திரிச்சும் போகாதீங்க. என்ன பாக்கறீங்களோ அதைச் சொல்லிக்கிட்டே பாருங்க."

அவர் "சரிம்மா" என்றார். சொன்னபடியே செய்தார். குரலை ஏற்றாமல் இறக்காமல், "இது வலப்பக்கத்துக் குழந்தை. துடிப்பு இருக்கு. இதைச் சுத்தி தண்ணி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. அதனாலதான் உங்களுக்கு மூச்சு முட்டுது" என்றார். கருவியை இடப்பக்கம் நகர்த்தினார். வெகுநேரம் தேடினார். "இது இன்னொரு குழந்தை. சின்னதா இருக்கு. இதைச் சுத்தித் தண்ணியே இல்ல. அதனால பை அப்படியே உடம்போட ஒட்டிக்கிச்சு. நகர முடியல."

"உயிர் இருக்கா?"

"இருக்கு. இதோ, துடிக்குது பாருங்க."

சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம். நடுவில் ஏதோ மினுக் மினுக்கென்றது. மூன்று நாளாக அது தூங்கவில்லை. அசைய இடமில்லாமல் இருந்திருக்கிறது. சிட்டு கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. மாப்பிள்ளைதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தார். எங்களைத் திட்டவில்லை. பத்து நிமிஷத்தில் நான்கு போன் பேசினார். ஆம்புலன்ஸில் ஐந்து மணி நேரப் பயணம். அவளால் படுக்க முடியாது என்பதால் மாப்பிள்ளை அவளைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டார். எதிரே நான். ஐந்து மணி நேரமும் அவள் இடது கை இடது விலாவுக்குக் கீழேயே இருந்தது.

மறுநாள் காலை லேசர் வைத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை. ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். தண்ணீரையும் இறக்கினார்கள். இரண்டு லிட்டருக்கு மேல் இருந்ததாம். வெளியே வந்தபோது அவள் வயிறு இறங்கி, மூச்சு சீராகி, பழைய சிட்டு மாதிரி இருந்தாள். "குழாயெல்லாம் அடைச்சாச்சாம். இனிமே அவங்கவங்க ரத்தம் அவங்கவங்களுக்கு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். அன்று பகல் பூராவும் நம்பிக்கையாக இருந்தோம். மாப்பிள்ளை கீழே போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

அடுத்த நாள் காலை ஸ்கேனில் சின்னக் குழந்தையின் இதயம் நின்றிருந்தது.

லேசர் வைத்த பெரிய டாக்டரை வராண்டாவில் மடக்கினேன். "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா?" என்றேன். என்ன பதில் வேண்டும் என்று எனக்கே தெரியாது.

அவர் ஃபைலை மூடிக் கையில் பிடித்துக்கொண்டார். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுங்க. சீக்கிரம் வந்தவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு. ஆனா சீக்கிரம் வந்திருந்தா வாய்ப்பு இதைவிட நல்லாவே இருந்திருக்கும். லேசர் பண்ணலைன்னா இது போகும்போது இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஸ்கேனுக்குப் போனாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றாலும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் உயிரோடு இருக்கிற குழந்தையைப் பார்த்து முடித்ததும், "அந்தப் பக்கமும் காட்டுங்க" என்பாளாம். சிலர் தயங்குவார்களாம். காட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டாளாம். வாரத்துக்கு வாரம் அது சுருங்கிக்கொண்டே வந்தது. இதெல்லாம் எனக்கு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். என்னை அவள் கூப்பிடவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தார். லைசென்ஸ் நகல் எடுக்க வேண்டும் என்று நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அன்னிக்கு நான் லிஃப்ட்டைப் பத்திப் பேசினேனே. அப்ப நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. ஒரே ஒரு வார்த்தை. வைத்தியம் இருக்குன்னு."

"பயந்துட்டேன் தம்பி."

"எதுக்கு?"

"அவ மறுபடி அப்படி ஆயிடுவாளோன்னு."

அவர் தலையை ஆட்டினார். புரிந்தது என்று ஆட்டினாரா, இதெல்லாம் ஒரு காரணமா என்று ஆட்டினாரா, தெரியவில்லை. போய்விட்டார்.

முப்பத்து மூன்றாவது வாரம் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு கிராம் எடை. உயிரோடு, அழுதுகொண்டு பிறந்தது. ரவுடி என்று பையன் மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு பெண்ணை. அப்படியானால் சாதுவும் பெண்தான். ஒரே நஞ்சுக்கொடி என்றால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். சாதுவைப் பார்க்க வேண்டும் என்று சிட்டு கேட்டாள். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. புத்தகத்துக்குள் வைத்து எடுத்த இலை மாதிரி தட்டையாக இருந்தது. விரல்கள் தெரிந்தன. சிட்டு அதைக் கையில் வாங்கி, துணியின் ஓரத்தை ஒழுங்காக மடித்து, மறுபடி ஒருமுறை பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தாள். மாப்பிள்ளைதான் கொண்டுபோய் அடக்கம் செய்தார். நானும் போனேன். 

பெரிய குழந்தை ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கூடப் பிறந்தது வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டதால், இதன் மூளைக்கும் ஏதாவது அடிபட்டிருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் முன்பு சொன்னார்கள். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். கடையில் கூட்டம். போன் வந்தது. சிட்டு.

"இவரு வேலைக்குப் போயிட்டாரு. குழந்தைக்குத் தலை ஸ்கேன். நீ வா."

கடையை அப்படியே பூட்டிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்ற நான்கு பேரும் என்ன நினைத்தார்களோ.

பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில், எலும்பு இன்னும் மூடாத அந்த மெத்தென்ற இடத்தில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். குழந்தை வீறிட்டது. சிட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு வயது வரைக்கும் கவனித்துப் பார்க்க வேண்டும், நடப்பது, பேசுவது எல்லாம் போகப்போகத்தான் தெரியும் என்றார்கள். சிட்டு தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வேறு என்னென்ன ஆகலாம் என்று கேட்டாள். அப்படி ஆகிவிட்டால் என்ன வைத்தியம் என்றும் கேட்டாள். அவர்கள் சொன்னதை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"படிச்சுப் பாரு. அவங்க சொன்னதுல ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா?"

படித்தேன். இரண்டு முறை படித்தேன். கண்ணில் நீர் முட்டி எழுத்தெல்லாம் கலங்கியது. "எல்லாம் இருக்குடி."

"நெஜமாத்தானே?"

"நெஜமாத்தான்."

வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை அழுது ஓய்ந்து விக்கியது. நான் கேட்காமலேயே அவள் பேசினாள். "உம்மேல கோவம் இருக்கு. எம்மேலயும் இருக்கு. எம்மேல இருக்கறதை என்ன பண்றதுன்னே தெரியல. அதனால உன்னைப் பாத்தாத்தான் அதிகமா வருது. போகும்னு தோணல. நீயும் போகணும்னு எதிர்பாக்காத."

"இல்ல. எதிர்பாக்கல."

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி குழந்தைக்குக் கண் டெஸ்ட். அவருக்கு லீவு கிடைக்காது."

"வர்றேன்."

குழந்தைக்குப் பசி எடுத்துவிட்டது. சிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தாள். அடுத்து ஸ்கேன் எடுக்க வந்திருந்த ஒரு பெண், மேடிட்ட வயிற்றோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை எட்டிப் பார்த்து, "ரொம்பப் பொடிசா இருக்கே, எத்தனை நாளாகுது? மொத குழந்தையா?" என்று கேட்டாள்.

"மூணாவது" என்றாள் சிட்டு.